கண் கண்ட நிறமும் காகிதம் ஏற்ற நிறமும்



தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் வீட்டுச் சுவர்களில் பெரும்பாலும் இரண்டு படங்களைக் காணலாம். ஒன்று, ஊரிலிருந்து வந்த உறவினர் எவரோ சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்த சிவகாசி நாட்காட்டியின் தெய்வப்படம். மற்றொன்று, தாய் தந்தையரின் புகைப்படம். தெய்வப்படத்தின் நிறம் சற்றே மங்கினாலும் நாம் பெரிதாக எண்ணுவதில்லை. தை பிறந்தால் வேறொரு நாட்காட்டி வந்துவிடும். ஆனால் தாயின் முகம் செம்மை பூத்துப் போனாலோ, அவர் ஆசையோடு உடுத்திய மயில்கழுத்துச் சேலை மங்கிய நீலமாய்த் தோன்றினாலோ நெஞ்சு பொறுப்பதில்லை. 'இது அம்மாவின் நிறம் இல்லையே' என்று மனம் ஏங்குகிறது.

இக்காலத்தில் படம் எடுப்பது எளிது. ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி உண்டு; அதன் திரையில் படம் பளிச்சென்று தெரிகிறது. அதையே காகிதத்தில் அச்சிட்டதும் நிறம் மாறிவிடுகிறது. உடனே அச்சு இயந்திரத்தைக் குறை கூறுகிறோம். விலை கூடிய வேறோர் இயந்திரத்தை வாங்குகிறோம். அப்பொழுதும் குறை முற்றும் தீர்வதில்லை. காரணம் என்ன? கண் கண்ட நிறத்தைக் காகிதத்தில் ஏற்றுவது எப்படி என்னும் இக்கேள்வி கணிப்பொறியோடு பிறந்ததன்று. நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த அச்சுக்கூடங்களில் அல்லும் பகலும் சிந்திக்கப்பட்ட கேள்வி இது. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், இன்று எந்த இயந்திரத்தை வாங்கலாம், அதை எப்படி ஆளலாம் என்பதும் விளங்கும்.

ஓவியர் ரவிவர்மாவின் பெயரை அறியாதார் இலர். அவர் 1848ஆம் ஆண்டில் திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தவர். அவர் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியங்கள் அரண்மனைச் சுவர்களில் தொங்கின. அரசரும் செல்வரும் மட்டுமே அவற்றைக் கண்டனர். கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ், இந்த ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் படிகளாக அச்சிட்டுப் பரப்பலாமே என்று ரவிவர்மாவுக்கு யோசனை கூறினார். ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்கு மாறாக, அந்தத் தொழிலையே இந்நாட்டிற்குக் கொண்டுவந்தார் ரவிவர்மா. 1894ஆம் ஆண்டில் பம்பாய் நகரத்தில் அவருடைய அச்சுக்கூடம் எழுந்தது. இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. தொழில் வல்லாரும் அங்கிருந்தே வந்தனர். சில ஆண்டுகளில் அது லோணாவ்ளாவுக்கு அருகிலுள்ள மாலவ்லிக்கு இடம் பெயர்ந்தது.

அங்கே நடந்தது கல்லச்சு. பவேரியா நாட்டைச் சேர்ந்த செனபெல்டர் என்பவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுபிடித்த முறை அது. எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே அதன் அடிப்படை. வழவழப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படம் வரைவார்கள். கல்லை நீரால் நனைப்பார்கள். பின் மை பூசுவார்கள். வரைந்த இடத்தில் மட்டும் மை பற்றும். நனைந்த இடம் மையை ஏற்காது. ஒரு கல் ஒரு நிறத்தையே தரும். ஆகையால் ஒரே படத்திற்குப் பல கற்கள் வேண்டும். மேனி நிறத்துக்கு ஒன்று, சேலையின் சிவப்புக்கு ஒன்று, வானத்து நீலத்துக்கு ஒன்று என்று ஒரே தாள் பல முறை இயந்திரத்துள் சென்று வரும். ஒரு மயிரிழை விலகினாலும் இலட்சுமியின் உதடு கன்னத்தில் போய் நிற்கும்.

மூல ஓவியத்தில் எந்த நிறம் எந்தக் கல்லுக்கு எவ்வளவு என்று முடிவு செய்தது யார்? கல்லில் வரைந்த கைவினைஞரே. அவர் கண்ணே அளவுகோல். அவர் கையே தராசு. வல்லவர் பிரித்தால் படம் உயிர் பெற்றது; அவர் வேலையை விட்டுப் போனால் நிறமும் உடன் போயிற்று. பின்னாளில், 1913ஆம் ஆண்டில், 'ராஜா ஹரிச்சந்திரா' என்னும் படத்தை எடுத்துப் புகழ்பெற்ற தாதாசாகேப் பால்கே இந்த அச்சுக்கூடத்தோடு தொடர்புடைய பணியில் பயின்றவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. ரவிவர்மா அச்சகத்தை ஷ்லைகர் என்னும் ஜெர்மானியரிடம் விற்றுவிட்டார். ஆயினும் அங்கு அச்சான சரசுவதியும் இலட்சுமியும் குடிசை வரை சென்று சேர்ந்துவிட்டனர்.

இனி, பம்பாயை விட்டுக் கல்கத்தாவுக்குச் செல்வோம். அங்கே உபேந்திரகிசோர் ராய் சௌதுரி என்னும் எழுத்தாளர் சிறுவருக்காக இராமாயணத்தை எழுதினார். அதற்குத் தாமே படங்களும் வரைந்தார். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டபோது அந்தப் படங்கள் உருக்குலைந்து வந்தன. அதைக் கண்டு வருந்தி ஓய்ந்துவிடாமல், இங்கிலாந்திலிருந்து கருவிகளும் நூல்களும் வரவழைத்துத் தாமே கற்றுக்கொண்டார்; 1895ஆம் ஆண்டில் ஓர் அச்சு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே பிறகு 'யு. ராய் அண்டு சன்ஸ்' என்று வழங்கியது.

அவர் கையாண்டது ஹாப்டோன் என்னும் முறை. ஒளிப்படக் கருவியினுள் தகட்டின் முன்னே நுண்ணிய கட்டங்கள் கொண்ட கண்ணாடித் திரையை வைத்துப் படம் பிடித்தால், படம் முழுவதும் சிறு புள்ளிகளாக உடைந்துவிடும். இருண்ட இடத்தில் புள்ளி பெரிது. வெளிறிய இடத்தில் புள்ளி சிறிது. தொலைவிலிருந்து பார்க்கும் கண் புள்ளிகளைக் காண்பதில்லை. தொடர்ந்த சாயலையே காண்கிறது. அந்தத் திரை எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், ஒளி புகும் துளை எவ்வளவு திறக்க வேண்டும் என்பவற்றை உபேந்திரகிசோர் கணக்கிட்டு எழுதினார். அக்கட்டுரைகளை லண்டனில் வெளிவந்த பென்ரோஸ் ஆண்டு மலர் பதிப்பித்தது. 'கண்ணளவு' என்பது போய்க் 'கணக்களவு' என்பது வந்தது அப்பொழுதுதான். அவர் மகன் சுகுமார் ராய் 1911ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று அச்சுக்கலை பயின்றார். அவர் பெயரன் சத்யஜித் ராய் என்று சொன்னால் அக்குடும்பத்தின் பெருமை உங்களுக்குப் புலப்படும்.

அந்த நிறுவனம் அச்சுக்கட்டைகள் செய்து கொடுத்த ஏடுகளுள் ஒன்று 'பிரவாசி'. பிரவாசி என்றால் தன் நாடு விட்டு வெளியே வாழ்பவன் என்று பொருள். இராமானந்த சாட்டர்ஜி 1901ஆம் ஆண்டில் அதனை அலகாபாத்தில் தொடங்கினார். வங்காளத்துக்கு வெளியே வாழ்ந்த வங்காளியாகவே அவர் அதைத் தொடங்கினார். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊரின் முகத்தை நிறம் மாறாமல் காட்ட வேண்டும் என்னும் வேட்கை நமக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் உணரலாம்.

வண்ணப் படத்தைப் புள்ளிகளால் அச்சிட மூன்று நிறங்கள் போதும் என்ற உண்மை எங்கிருந்து வந்தது? 1861ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ஒரு காட்சி நடத்தினார. கட்டம் போட்ட ஒரு நாடாவைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளின் வழியே தனித்தனியே படம் பிடிக்கச் செய்து, மூன்றையும் அதே நிற ஒளிகளால் ஒரே திரையில் வீழ்த்தினார். நாடா நிறத்தோடு தோன்றியது. இதில் ஒரு வியப்பு உண்டு. அக்காலத்துத் தகடுகள் சிவப்பு ஒளியை உணரமாட்டா. அங்ஙனமாயின் சிவப்பு எப்படிப் பதிந்தது? நூறு ஆண்டு கழித்து, 1961இல், விடை வெளியாயிற்று. நாடாவின் சிவப்புச் சாயம் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிரையும் திருப்பித் தந்தது. தகடு பிடித்தது அதைத்தான். கொள்கை சரி, கருவி தற்செயலாய்த் துணை நின்றது! மாக்ஸ்வெல் கண்ட அந்த மூன்று கண்ணாடிகளே, கோடிக்கணக்கான நுண்கட்டங்களாய், இன்று நம் கைப்பேசியின் ஒளிப்படக் கருவிக்குள் அமர்ந்திருக்கின்றன.

இங்கேதான் நாம் தேடிய விடையின் முதற்பகுதி கிடைக்கிறது. திரை ஒளியைத் தருகிறது. சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றோடொன்று கூடினால் அங்கே வெண்மை பிறக்கும். காகிதமோ ஒளியைத் தருவதன்று. தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது. அதன்மேல் இடும் மை ஒவ்வொன்றும் ஒளியைத் தின்கிறது. சியான் என்னும் நீலப்பச்சை மை சிவப்பொளியை விழுங்கும். மெஜந்தா பச்சையொளியை விழுங்கும். மஞ்சள் நீலவொளியை விழுங்கும். மூன்றும் கூடினால் கருமை. மூன்று மைகளால் வரும் கருமை பழுப்புத் தட்டுவதால் தனியே கறுப்பு மையும் சேர்க்கிறார்கள். கூட்டல் வழியில் பிறந்த நிறத்தைக் கழித்தல் வழியில் செய்யச் சொன்னால் சில நிறங்கள் கிட்டமாட்டா. மயில்கழுத்துச் சேலையின் ஒளிர்ந்த பச்சைநீலம் திரையில் மின்னிக் காகிதத்தில் மங்குவது அதனாலேதான். குறை முழுவதும் இயந்திரத்தினுடையதன்று.

விடையின் இரண்டாம் பகுதி, நிறத்துக்குப் பெயர் வைப்பது. 'அரக்கு' என்று நான் சொன்னால் உங்கள் மனத்தில் எழும் நிறமும் என் மனத்தில் எழும் நிறமும் ஒன்றாயிரா. 1920களில் இங்கிலாந்தில் ரைட், கில்டு என்னும் இருவரும் தனித்தனியே, ஒரு நிறத்தை உண்டாக்க மூன்று ஒளிகளில் எவ்வெவ்வளவு வேண்டும் என்று மனிதரை உட்கார வைத்துச் சோதித்தார்கள். இருவர் சோதனைக்கும் அமர்ந்தவர் மொத்தம் 17 பேர். அந்தப் பதினேழு பேரின் கண்களை ஆதாரமாகக் கொண்டு 1931ஆம் ஆண்டில் பன்னாட்டு ஒளியியல் குழு நிறங்களுக்கு எண்களை வகுத்தது. இன்று உலகில் அச்சாகும் வண்ணப் படங்களின் அளவுகோல் அதிலிருந்து வளர்ந்ததே.

எண் கிடைத்தும் ஒற்றுமை கிடைக்கவில்லை. கணிப்பொறிகள் பெருகியபோது ஒவ்வொரு திரையும் ஒவ்வோர் இயந்திரமும் தத்தம் மொழியிலேயே பேசின. ஒரு தொழிற்சாலையில் தமிழரும் வங்காளியரும் பஞ்சாபியரும் குஜராத்தியரும் சேர்ந்து உழைப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் மற்ற எல்லாருடைய மொழியையும் கற்பதென்றால் காலம் போதாது. எல்லார்க்கும் பொதுவான ஒரு மொழி இருந்தால் போதும். ஒவ்வொருவரும் தம் மொழியையும் அதையும் அறிந்தால் வேலை நடக்கும். 1993ஆம் ஆண்டில் எட்டு நிறுவனங்கள் கூடி அமைத்த பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பு செய்தது இதுவே. ஒவ்வொரு கருவிக்கும் 'புரொபைல்' என்னும் ஓர் இயல்புக் குறிப்பை வகுத்தார்கள். 'இந்த எண்ணை என்னிடம் தந்தால் நான் காட்டும் நிறம் இது' என்று அந்தக் கருவி பொதுமொழியில் கொடுக்கும் வாக்குமூலமே அது. ஒரு காலத்தில் கல்லச்சுக் கைவினைஞரின் கண்ணுக்குள் இருந்த அறிவு இப்பொழுது ஒரு சிறு கோப்புக்குள் வந்து அமர்ந்தது.

அதே காலத்தில் மைபீச்சும் இயந்திரமும் வளர்ந்தது. 1977ஆம் ஆண்டில் ஜப்பானில் கானன் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில், பற்றவைக்கும் சூட்டுக்கோல் ஒன்று மை நிரம்பிய ஊசியின்மேல் பட்டது. ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. அந்தத் தெறிப்பே ஒரு தொழிலுக்கு வித்தாயிற்று. 1994ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனம் அங்குலத்துக்கு 720 புள்ளிகள் இடும் வண்ண இயந்திரத்தை வெளியிட்டது. அதன்பின் இல்லத்து மேசைமீதே படம் அச்சிடும் காலம் பிறந்தது. உபேந்திரகிசோர் கண்ணாடித் திரையால் செய்த புள்ளிகளை இப்பொழுது நுண்துளைகள் தெறித்துத் தந்தன.

மூன்றாம் பகுதி ஒன்று உண்டு. அதுவே நம் உள்ளத்துக்கு மிக நெருங்கியது. ஏற்றிய நிறம் எத்தனை நாள் நிற்கும்? 1970களில் எடுத்த திருமணப் படங்கள் பல, ஆல்பத்தின் இருளில் பத்திரமாய் இருந்தும் சிவந்து போயின. காகிதத்தில் இருந்த சியான் சாயம் முதலில் சிதைந்ததே காரணம். 2000ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த சில மைபீச்சுப் படங்களும் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறம் பூத்தன. காற்றிலுள்ள ஓசோன் அதே சியானைத் தின்றுவிட்டது. முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே நோய் இரு முறை வந்தது! அதன்பின்னரே நிறமித்துகள் கலந்த மை பரவலாயிற்று. சாயமை நீரில் கரைந்த சர்க்கரை போன்றது. நிறமிமை நீரில் கலந்த மஞ்சள்தூள் போன்றது. துகள் எளிதில் சிதையாது. ஆகவே நெடுநாள் நிற்கும்.

இவ்வளவு தூரம் வந்த வரலாறு நமக்குச் சொல்லும் அறிவுரை யாது?

முதலாவது, இயந்திரத்தைத் தனியே தேர்ந்தெடுக்காதீர்கள். இயந்திரம், மை, காகிதம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு கருவி. இயல்புக் குறிப்பு இம்மூன்றின் சேர்க்கைக்கே எழுதப்படுவது. ஒன்றை மாற்றினால் வாக்குமூலம் பொய்யாகிவிடும். அலுவலகக் கடிதத்துக்கென அமைந்த லேசர் இயந்திரம் முகப் படத்துக்கு ஏற்றதன்று. நான்கு மைகளோடு வெளிறிய சியானும் வெளிறிய மெஜந்தாவும் கொண்ட இயந்திரம் மேனியின் மென்மையான சாயலை நன்கு காட்டும். தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் படியெடுப்பவர், சாம்பல் மையும் உடைய இயந்திரத்தை நாட வேண்டும். இல்லையேல் பச்சையோ செம்மையோ சாயலாய்ப் படியும். திங்களுக்கு ஒரு படம் கூட அச்சிடாதவர் இயந்திரம் வாங்காதிருப்பதே நன்று. பயன்படாத துளைகளில் மை உறைந்து அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு அருகிலுள்ள நல்ல ஸ்டூடியோவே போதும்.

இரண்டாவது, ஒரு வண்டிக்கு இருவர் கடிவாளம் பிடிக்கலாகாது. நிறத்தைத் திருத்தும் பொறுப்பைப் படம் திறக்கும் மென்பொருளுக்கு விட்டால் இயந்திரத்தின் திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும். இயந்திரத்துக்கு விட்டால் மென்பொருளின் திருத்தத்தை நிறுத்த வேண்டும். இருவரும் திருத்தினால் படம் கெடும். ஸ்டூடியோவுக்கு அனுப்பும் படம் 1996ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்ட எஸ்-ஆர்ஜிபி என்னும் பொது அளவில் இருப்பது பாதுகாப்பானது.

மூன்றாவது, திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். அச்சான படம் இருண்டிருக்கிறது என்பார் பலர். பெரும்பாலும் படம் இருண்டதன்று, திரை மிகையாய் ஒளிர்ந்ததே. திரையருகே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டின் வெண்மையும் ஏறத்தாழ ஒத்திருக்குமாறு செய்தால் பாதி குறை தீரும்.

நான்காவது, படத்தை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பதை மறவாதீர்கள். காஞ்சிபுரம் பட்டு வாங்கும் நம் பெண்மக்கள், கடைக்குள் விளக்கொளியில் கண்ட சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்னரே விலை பேசுவார்கள். உலகத்து அச்சுத்தொழிலார் ஆராய்ந்து வகுத்த பகலொளி விதியும் அதுவே. உங்கள் படத்தையும் சன்னலருகே வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஐந்தாவது, சுருங்கிய படத்தைப் பெரிதாக்காதீர்கள். ஆறங்குல நீளமும் நான்கங்குல அகலமும் உள்ள படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளியாக 1800க்கு 1200 புள்ளிகள் வேண்டும். கைப்பேசிச் செய்தியாக ஒருவர்க்கொருவர் அனுப்பிய படம் வழியில் சுருக்கப்பட்டிருக்கக்கூடும். ஊரிலிருப்பவரிடம் மூலக் கோப்பையே கேட்டுப் பெறுங்கள். அச்சான பின் படத்தை வெயில் படாத இடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் வையுங்கள். மும்பையிலும் கொல்கத்தாவிலும் கடற்காற்றின் ஈரம் படத்துக்குப் பகை.

சிவகாசியின் கதையோடு இவ்வுரையை முடிக்கின்றேன். அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டளவில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டுவதற்கு வண்ணச் சீட்டு வேண்டியிருந்தது. அதிலிருந்து அவ்வூர் அச்சுத்தொழில் தழைத்தது. வெளிமாநிலம் சென்ற இரு தமிழர் கற்று வந்த தொழிலின் கிளையிலிருந்து பூத்த நாட்காட்டியே இன்று வெளிமாநிலத்தில் வாழும் நம் சுவரில் தொங்குகிறது.

அந்நாட்காட்டியின் அருகில் உள்ள தாய் தந்தையர் படத்தை மீண்டும் பாருங்கள். நம் பிள்ளைகளுள் பலர் பாட்டியை ஆண்டுக்கொரு முறை, கோடை விடுமுறையில் மட்டுமே காண்பவர்கள். சிலர் கண்டதே இல்லை. அவர்களுக்குப் பாட்டியின் நிறம் அந்தக் காகிதத்தின் நிறமே. கல்லில் வரைந்தவரும், புள்ளியைக் கணக்கிட்டவரும், எண்ணால் நிறத்துக்குப் பெயர் வைத்தவரும் அந்தக் காகிதத்துக்காகவே உழைத்தார்கள் என்று கொள்ளலாம். அவர்கள் கொடுத்த அறிவைக் கொண்டு ஒரு நல்ல படத்தையாவது முறையாக அச்சிட்டு வைப்போம். மயில்கழுத்து மயில்கழுத்தாகவே இருக்கட்டும்.